வட்டத்தை நானூறாகப் பிரித்தவள்

என் மனைவிக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் நானூறு. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் தலை மறைந்ததும், "நானூறு எங்க கிளம்பிடுச்சு?" என்பார்கள். இது என் காதுக்கு வந்த அன்று நான் கொதித்துப்போய், நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன். அவள் பொத்தான் போடும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, அவங்க உள்ளதைத்தானே சொல்றாங்க. என் வட்டத்துல நானூறுதான் இருக்கு" என்றாள்.

அவள் சாலைத் துறையில் சர்வேயர். நான் தச்சன். வளைவு, படிக்கட்டு, கூரை என்று எதைக் கட்டினாலும் அது இறுகும்வரை தாங்கி நிற்பதற்குப் பலகையில் அச்சு கட்டிக் கொடுப்பது என் தொழில். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். அவளுக்குக் கோபமே வராது, அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வரும். இப்படித்தான் எங்கள் குடித்தனம் ஓடியது.

நானூறு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எனக்கே அது மண்டையில் ஏற வெகுகாலம் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் வட்டத்தை முந்நூற்று அறுபது டிகிரியாகத்தான் பிரித்துக் கொடுக்கிறார்கள். செங்கோணம் தொண்ணூறு. ஆனால் அவளிடம் அலுவலகம் கொடுத்திருந்த தியோடலைட், அதாவது முக்காலியில் நிறுத்தித் தொலைநோக்கியைத் திருப்பிக் கோணம் பார்க்கும் கருவி, எங்கோ தொலைவில் செய்து வந்த பழையது. அதன் கண்ணாடி வட்டத்தில் நானூறு பிரிவுகள். ஒரு பிரிவுக்குக் கிரேட் என்று பெயர். செங்கோணம் நூறு, நேர் முதுகுப்பக்கம் இருநூறு, முழுச் சுற்று நானூறு. புதிய கருவிகள் வந்து மற்ற சர்வேயர்கள் எல்லாம் டிகிரிக்குப் போன பிறகும் இவள் மட்டும் அதை விடவில்லை.

"அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"டிகிரின்னா அதுக்குள்ள அறுபது நிமிஷம், நிமிஷத்துக்குள்ள அறுபது செகண்ட். மழையில நின்னுக்கிட்டு ஒண்ணுலேருந்து ஒண்ணைக் கழிக்கும்போது அறுபது அறுபதா உடைக்கணும். இதுல அந்த வம்பே கிடையாது, சாதாரணக் கழித்தல். அதோட, நூத்துச் சொச்சம்னு வந்தா பக்கவாட்டைத் தாண்டிட்டோம், இருநூத்துச் சொச்சம்னா முதுகுப்பக்கம் திரும்பிட்டோம். எண்ணைப் பாத்ததுமே எந்தப் பக்கம் பாக்கறோம்னு தெரிஞ்சிடும்."

"என் மூலைமட்டத்துக்குத் தொண்ணூறே போதும்."

"உங்க மூலைமட்டத்துக்கு எண்ணே வேண்டாமே" என்றாள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது அது முதல்முறையும் இல்லை, கடைசிமுறையும் இல்லை.

அவள் அதிகம் பேசமாட்டாள். அந்த வேலைக்குப் பேச்சு தேவைப்படவும் இல்லை. ஒரு மேட்டில் இவள், எதிர் மேட்டில் கம்பைப் பிடித்தபடி இன்னொரு ஆள், நடுவில் காற்று. கையை உயர்த்தினால் நில், பக்கவாட்டில் ஆட்டினால் தள்ளி நில். இதே பழக்கத்தில் வீட்டிலும் எனக்குக் கையைக் காட்டுவாள். சுவரில் மாட்டிய படம் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுப் போய் நிமிர்த்திவிட்டுத்தான் வருவாள். கல்யாணமான புதிதில் அந்தக் கருவியின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வாசலில் இறங்கும்போது தெருவே வேடிக்கை பார்த்தது. பெண்பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று என் சித்தப்பா கேட்டார். அவருடைய வீட்டு எல்லைக் கல்லை அவள்தான் பின்னால் நட்டுக்கொடுத்தாள். அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையின் நடுவில் எப்போதும் ஒரு கால்குலேட்டர் கிடக்கும். சைன், காஸ், டான் எல்லாம் போடுகிற பெரிய கால்குலேட்டர். வேலைக்குப் போகும்போது அவள் எடுத்துப்போவாள், திரும்பியதும் அதே இடத்தில் வைப்பாள். அதில் ஒரு பொத்தான் உண்டு. அதைத் தட்டினால் திரையின் மேல் மூலையில் கடுகளவு எழுத்து ஒன்று மாறும். டி என்றால் டிகிரி. இன்னொரு தட்டு, ஆர், அதாவது ரேடியன். இன்னொரு தட்டு, ஜி, அவளுடைய கிரேட். அதற்கு மேல் தட்டினால் மறுபடி டி. எந்த எழுத்து நிற்கிறதோ, அந்தக் கணக்கில்தான் அது கோணத்தைப் புரிந்துகொள்ளும். நாம் முப்பது என்று போட்டால் எந்த முப்பது என்று அது கேட்காது.

எனக்கு டி வேண்டும். பலகை அறுக்கும் என் வாள்மேசையில் சாய்வு வைக்கும் தகடு டிகிரியில் கோடு போட்டது. எங்கள் ஒரே மகளுக்கு ஆர் வேண்டும். அவள் வேறோர் ஊரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள், விடுமுறை நாட்களில் வருவாள். அவளைக் கேட்டால், டிகிரியும் கிரேடும் மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது, ரேடியன்தான் வட்டமே சொல்லும் அளவு என்பாள். ஆரத்தின் நீளத்தை வட்டத்தின் விளிம்பிலேயே வளைத்து வைத்தால் எவ்வளவு கோணம் விரிகிறதோ அது ஒரு ரேடியன். "பலகையை அதுல அறுக்க முடியுமா?" என்று நான் கேட்பேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

மூன்று பேருக்கும் ஒரே கால்குலேட்டர், மூன்று பேருக்கும் வேறு வேறு எழுத்து. ஆளுக்கொன்று வாங்க வக்கில்லாமல் இல்லை. மகளிடம் தனியாக ஒன்று இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்தால் மேசையில் கிடப்பதைத்தான் எடுப்பாள், நானும் அப்படித்தான். அதனால் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. யார் பயன்படுத்தினாலும், வேலை முடிந்ததும் ஜி-க்குத் திருப்பி வைத்துவிட வேண்டும். எனக்குப் போக ஒரு தட்டு, திரும்ப இரண்டு. மகளுக்குப் போக இரண்டு, திரும்ப ஒன்று. வீட்டு எஜமானிக்கு ஒன்றுமே கிடையாது. நாங்கள் இருவரும் எழுத்தைப் பார்க்காமலேயே தட்டுவோம். அவளோ அந்தப் பொத்தானை இத்தனை வருஷத்தில் தொட்டதேயில்லை, திரையின் அந்த மூலையைப் பார்த்ததும் இல்லை. நானும் மகளும் சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்த நாட்களில்கூட அந்தச் சட்டத்தை இருவரும் மீறியதில்லை. அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

ஒரு வருஷம் கால்குலேட்டரின் திரை மங்கிக்கொண்டே வந்தது. வெயிலில் எண்ணே தெரிவதில்லை என்று மனைவி ஒருமுறை முனகினாள். மகள் அதைக் கேட்டிருக்கிறாள். விடுமுறை முடிந்து கிளம்பும் நாளில் கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கி வந்து, பின்பக்கத்துத் திருகாணியைக் கழற்றி மாற்றி, மேசையில் அதே இடத்தில் வைத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடிவிட்டாள். அம்மா தானாகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. பேட்டரியைக் கழற்றினால் அந்தக் கால்குலேட்டருக்குப் பழைய நினைவு போய்விடும், கண் விழிக்கும்போது டி-யில்தான் விழிக்கும். இது அவளுக்குத் தெரியாததில்லை, யோசிக்கவில்லை, அவ்வளவுதான். பயன்படுத்தியவர் திருப்பி வைக்க வேண்டும் என்பதுதானே எங்கள் சட்டம்? அவள் பயன்படுத்தவே இல்லையே.

மறுநாள் மனைவிக்குப் புதுச் சாலையின் ஒரு திருப்பத்தை அடையாளம் போடும் வேலை. இரண்டு நேர்க்கோடுகள் சந்திக்கும் இடத்தில் சாலை கூர்மையாக முறியக் கூடாது, மெதுவாக வளைய வேண்டும். வளைவு எங்கே தொடங்கும், நடுவில் எங்கே வரும், எங்கே முடியும் என்று முதலில் முளையடித்துப் பார்ப்பார்கள். அதன் குறுக்கே வரும் வீட்டுச் சுவரில், இடிக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக, சிவப்பு வண்ணத்தில் பெருக்கல் குறி போடுவார்கள். அவள் தன் கருவியில் கோணத்தைப் பார்த்தாள். நாற்பது கிரேட், அதில் பாதி இருபது. இருபது என்று தட்டினாள். கால்குலேட்டர் அதை இருபது டிகிரி என்று எடுத்துக்கொண்டது.

ஆர்-இல் கிடந்திருந்தால் எண் தாறுமாறாக வந்து அவளே திடுக்கிட்டிருப்பாள். டி-யும் ஜி-யும் அக்கா தங்கை மாதிரி, தூரத்திலிருந்து பார்த்தால் அடையாளம் தெரியாது. பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். வந்த எண்ணில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. வளைவு தொடங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே தொடங்கி, நடுவில் நான்கு மீட்டர் உள்ளே தள்ளி விழுந்தது. அந்த நான்கு மீட்டரில் ஒரு ரொட்டிக்கடையின் பின்பாதி இருந்தது. அதில்தான் அடுப்பு, அதையொட்டித்தான் ரொட்டிக்காரரும் அவர் மனைவியும் குடியிருந்த இரண்டு அறைகள். சுவரில் சிவப்புக் குறி ஏறியது. என் மனைவி கையாலேயே ஏறியது.

சில வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை. மகளுக்குத் தேர்வு, வீட்டுக்கு வரவில்லை. எனக்கு வெளியூரில் வேலை. மனைவிக்கு அந்த நாட்களில் சாலையின் ஏற்ற இறக்கம் பார்க்கும் வேலை, அதற்குக் கூட்டல் கழித்தல் போதும். பொத்தானை யாரும் தொடவில்லை.

நான் ஊர் திரும்பியதும் ஒரு மாடிப்படிக்குப் பலகை அளவு போட உட்கார்ந்தேன். அன்று மாலை மனைவி எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போலப் பார்க்காமல் ஒரு தட்டு. முப்பத்தைந்துக்கு சைன் போட்டேன். விடை கழித்தல் குறியோடு வந்தது.

"கழித்தல் நீளத்துக்கு எந்தக் கடையில போய்ப் பலகை வாங்கறது?" என்று சிரித்துக்கொண்டே எழுத்தைப் பார்த்தேன். ஆர். "உன் மக வேலையைப் பாரு. ஜி-யில வைக்காம போயிருக்கா. டி-யில கிடந்திருக்கு, நான் ஒரு தட்டுத் தட்டினதும் ஆர்-க்கு வந்துடுச்சு."

மடித்துக்கொண்டிருந்த துணி அவள் மடியிலேயே நின்றுவிட்டது. "அவ வந்துட்டுப் போய் எத்தனை நாளாச்சு?" என்றாள். பிறகு கால்குலேட்டரை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தாள். திருகாணியின் தலையில் புதுக் கீறல். கழற்றினாள். உள்ளே பேட்டரி பளபளவென்று இருந்தது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்துபோய் ஒரு தாளை எடுத்து வந்து, இருபதை ஜி-யில் ஒருமுறை, டி-யில் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். இரண்டு விடையையும் எழுதினாள். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துப் பார்க்கக்கூட இல்லை. "ரொட்டிக்கடை" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மாத்தினவ ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல! இரு, இப்பவே போன் போட்டு..."

"போன் போடாதீங்க." குரல் உயரவில்லை, ஆனால் கை உயர்ந்தது. எதிர் மேட்டில் கம்பு பிடிப்பவனுக்குக் காட்டும் அதே கை. "அவ எனக்கு நல்லது செய்யணும்னு செஞ்சிருக்கா. இது அவளுக்குத் தெரியவே கூடாது. அவ கணக்குப் படிக்கிற பொண்ணு. இனிமே ஒவ்வொரு எண்ணைத் தொடும்போதும் கை நடுங்கும். நான் ஒரு தடவை அந்த மூலையைப் பாத்திருந்தா போதும். நான் பாக்கல. சட்டையைப் போடுங்க, போவோம்."

பொழுது சாயும் முன்பே ரொட்டிக்கடைக்குப் போய்விட்டோம். முன்பக்கம் அடைத்திருந்தது. பின்பக்கம் சுற்றிப் போனால், ரொட்டிக்காரர் செங்கற்களுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்திருந்தார். கொத்துக்கரண்டியால் ஒவ்வொரு கல்லிலிருந்தும் பழைய சாந்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அடுப்பின் வளைவுக் கூரை இல்லை. இரண்டு பக்கச் சுவர் மட்டும் கரியோடு நின்றது. இயந்திரம் வந்து இடித்தால் சூடு தாங்கும் தீக்கல் எல்லாம் தூளாகிவிடும், மழைக்கு முன்னால் வேறு எங்காவது கட்டிக்கொள்ளலாம் என்று அவரே பிரித்திருக்கிறார்.

என் மனைவி நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, உங்க சுவத்துல நான் போட்ட குறி தப்பு. என் கணக்குல பிழை. சாலை உங்க வீட்டைத் தொடவே தொடாது. நாளைக்கு நானே வந்து அழிக்கிறேன்."

அவர் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். வைவார் என்று நான் தயாராக நின்றேன். அவர் வைதிருந்தால் தேவலை.

"நேத்து வந்திருந்தீங்கன்னா வளைவு நின்னுட்டு இருந்திருக்கும்மா" என்றார். மறுபடி கல்லை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார். உள்ளே அவர் மனைவி பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வரும் வழியில் அவள் அழுதுவிட்டாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் தெருவில் அழுதது அன்றைக்குத்தான்.

மறுநாள் நானும் அலுவலகத்துக்குப் போனேன். பெரிய பொறியாளரின் அறைக் கதவு திறந்தே இருந்தது, நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பொறியாளர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் சிக்கல். அவர் அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

"மேடம், வரைபடம் மேல போயாச்சு. அந்த ஆளும் தகராறு பண்ணாம அடுப்பைப் பிரிச்சிட்டார். இப்படியே விட்டா வளைவு இன்னும் கொஞ்சம் நல்லாத்தான் வரும். யாருக்கும் ஒண்ணும் தெரியப்போறதில்லை. கோட்டை மாத்தினா ஏன் மாத்தினோம்னு எழுதணும். யார் தப்புன்னு எழுதணும்."

"அடுப்பைத்தான் பிரிச்சிருக்கார் சார். வீடு இன்னும் நிக்குது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எழுதிட்டா உங்களை வெளி வேலைக்கு அனுப்ப முடியாது."

"என் தப்புன்னு எழுதுங்க."

"உங்க கையில இப்படி ஒரு தப்பு வந்ததே இல்லையே. எப்படி ஆச்சு?"

"டி-யில இருந்துச்சு. எழுத்தை நான் பாக்கல."

"எப்பவும் ஜி-யிலதானே வச்சிருப்பீங்க? எப்படி மாறுச்சு?"

நான் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தேன். "எப்படி மாறியிருந்தாலும் பாக்க வேண்டியது நான்தான் சார்" என்றாள்.

அன்று பிற்பகல் அவள் தன் நானூறு வட்டத்தை எடுத்துக்கொண்டு போய் முளைகளை மாற்றி அடித்தாள். முடித்துவிட்டு, கம்பி பிரஷ்ஷால் ரொட்டிக்கடைச் சுவரின் சிவப்புக் குறியைத் தானே தேய்த்தாள். வேறு ஆளை விடவில்லை. ரொட்டிக்காரர் வாசற்படியில் நின்று பார்த்தார். சில நாட்களில் உத்தரவு வந்தது. அவளைப் பழைய வரைபடங்கள் வைத்திருக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. கருவியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள், அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை.

நான் ரொட்டிக்கடைக்குப் போய் நின்றேன். "அச்சு கட்டுறது என் தொழில். உங்க வளைவுக்கு நான் கட்டித் தரேன்" என்றேன். அவர் சாந்துச் சட்டியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். கொத்து வேலை அவருக்கே தெரியும்.

தேர்வு முடிந்து மகள் வந்தாள். அலுவலகத்தில் மாற்றல், வயதாகிறது, அதனால் உள் வேலை என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தோம். அவள் கேட்டுக்கொண்டாள். ரொட்டிக்கடை அடுப்புக்கு அச்சு கட்டுகிறேன் என்றதும் தானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். முதல் நாள் இரவு போட்டு வைத்திருந்த படத்தை மேசையில் விரித்தோம். வளைவின் ஆரம் ஒரு மீட்டர். எத்தனை கல் பிடிக்கும் என்று பார்க்க நான் கயிற்றை வளைத்து வளைத்து அளந்துகொண்டிருந்தேன்.

"கயிறு எதுக்குப்பா? ஆரம் ஒரு மீட்டர்னா, ரேடியன்ல கோணம் என்னவோ அதுவேதான் நீளம். நடுவுல வேற கணக்கே கிடையாது. ரெண்டு ரேடியன் திறக்கிறீங்க. அப்ப வளைவு ரெண்டு மீட்டர்" என்றாள். கயிற்றால் அளந்து பார்த்தேன். இரண்டு மீட்டர்தான். பலகையை அதில் அறுக்க முடியாது என்று இத்தனை நாள் அவளைக் கிண்டல் செய்தவன் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டேன். பலகையின் முனைச் சாய்வுக்கு எனக்கு டிகிரி வேண்டியிருந்தது. "அம்மா, அந்தக் கால்குலேட்டரைக் குடேன்" என்று மகள் கையை நீட்டினாள்.

என் மனைவி மேசையிலிருந்து அதை எடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால் கண்ணருகே கொண்டுபோய்த் திரையின் மூலையைப் பார்த்தாள். பிறகு கொடுத்தாள்.

மகளின் கை அப்படியே நின்றது. "என்னம்மா பாக்கறே?"

"கண்ணு சரியாத் தெரியுதான்னு பாத்தேன்."

மகள் வாங்கிக்கொண்டாள். பலகைகளைச் சுமந்துகொண்டு ரொட்டிக்கடைக்கு நடந்து போகும்போது, "அப்பா, நான் பேட்டரி மாத்திட்டுப் போனேனே, அதுக்கு அடுத்து அம்மா எங்க வேலைக்குப் போனாங்க?" என்று கேட்டாள். எனக்கு நடிக்க வராது. தோளில் இருந்த பலகையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டேன். அவள் ரொட்டிக்கடைச் சுவரைப் பார்த்தாள். கம்பி பிரஷ் போட்ட இடம் பெருக்கல் குறி வடிவத்திலேயே வெளுத்திருந்தது.

அடுப்பு முடிந்து, சாந்து காய்ந்து, அச்சை உருவி எடுத்தோம். வளைவு நின்றது. முதல் தீ போடும் நாளில் ரொட்டிக்காரர் எங்களை வரச் சொல்லியிருந்தார். என் மனைவி வர மறுத்தாள், நான்தான் இழுத்துப் போனேன். அவள் வாசலுக்கு வெளியிலேயே ஒதுங்கி நின்றாள். அந்த முதல் நாளுக்குப் பிறகு ரொட்டிக்காரர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தீ பிடித்துக் கற்கள் மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தன. மகள் திடீரென்று அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, உங்க அடுப்பு போனதுக்குக் காரணம் அம்மா இல்லை. கால்குலேட்டருக்கு பேட்டரி மாத்தினது நான். எழுத்து மாறிப்போச்சு. நான் திருப்பி வைக்கல, சொல்லவும் இல்லை. அம்மா என் பேரைச் சொல்லாம எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டாங்க."

என் மனைவிக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். பாய்ந்து வந்து மகளின் தோளைப் பிடித்து இழுத்தாள். "அவ சொல்றதைக் கேக்காதீங்க அண்ணே. சின்னப் பொண்ணு ஏதோ உளறுறா. கணக்குப் போட்டது யாரு? முளையடிச்சது யாரு? உங்க சுவத்துல குறி போட்டது இந்தக் கைதான்."

"நான் மாத்தலைன்னா குறி அங்க விழுந்திருக்காது!"

"நான் பாத்திருந்தா விழுந்திருக்காது. நீ வாயை மூடு."

இரண்டு பேரும் அவர் முன்னால் நின்று, என்னுது, என்னுது என்று அடித்துக்கொண்டார்கள். ரொட்டிக்காரர் அடுப்பு வாயிலிருந்து நிமிர்ந்தார். நெற்றியில் வியர்வை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க வீட்டுல ஒரு ரொட்டி கருகினா நான் இல்லை நான் இல்லைன்னு மூணு பேர் சொல்லுவோம்" என்றார். "வீட்டுல இருக்கறதே ரெண்டு பேருதான்."

உள்ளிருந்து அவர் மனைவி சிரிப்பது கேட்டது. அவர் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், கண்ணையும் சேர்த்துத் துடைத்தார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "உள்ள வாம்மா. எவ்வளவு நேரம் வெளியவே நிப்பே?" என்றார்.

கதை இங்கே நன்றாக முடிந்துவிட்டதாகச் சொல்ல ஆசைதான். அலுவலகத்தில் எதுவும் மாறவில்லை. மகள் போய்ப் பொறியாளரிடம் பேசுகிறேன் என்றதற்கு என் மனைவி சம்மதிக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்த ஜன்னல் இல்லாத அறையில்தான் இருந்தாள். மேடுகளில் நின்று தொலைவைப் பார்த்த கண், தூசி படிந்த தாள்களைப் பார்த்துப் பார்த்துக் கண்ணாடி போட்டுக்கொண்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறுவதில்லை. அந்தப் பழைய கருவியை ஒருநாள் எங்கோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அங்கே செய்வதற்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை, நின்றேன்.

அடுப்பில் முதல் தீ போட்டு ரொட்டிக்கடையிலிருந்து திரும்பிய அன்று மாலை மகள் மேசையில் கால்குலேட்டரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அம்மா, இனிமே தட்டறதுக்கு முன்னால எழுத்தைப் பாத்துட்டுத்தான் தட்டுவியா?" என்றாள்.

"பாப்பேன்."

"எங்களை நம்பமாட்டியா?"

என் மனைவி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். "உங்களை நம்பாம இல்லடி. என்னை நம்பாம" என்றாள். மகள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். இவள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மகள் இப்போது ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள். கை நடுங்கவில்லை. விடுமுறைக்கு வந்தால் மேசையில் கிடக்கும் அதே கால்குலேட்டரில்தான் போடுகிறாள், முடித்ததும் ஜி-க்குத் திருப்பி வைக்கிறாள். நானும்தான். ஜி-யில் செய்ய இந்த வீட்டில் இனி ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் வைக்கிறோம். என் மனைவி எப்போதாவது காய்கறிக் கணக்குப் பார்க்க அதை எடுப்பாள். கூட்டலுக்கு எந்த எழுத்தாக இருந்தால் என்ன? இருந்தும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதலில் அந்த மூலையைப் பார்ப்பாள். ஒருநாளும் எழுத்து மாறியிருந்ததில்லை. ஒருநாளும் அவள் பார்க்காமல் விட்டதும் இல்லை.